பாம்பன் பக்கம் பறக்குறவங்களுக்கு: தடை ஏரியாவ மேப்புல கோடா வைக்கிறதா, கலரா வைக்கிறதா, மறைச்சு வைக்கிறதா?

டேப்லெட்லயோ காக்பிட் பேனல்லயோ மேப்ப தொறந்தா ஏர்ஸ்பேஸ்னு, அதாவது வானத்துல தடையோ கட்டுப்பாடோ உள்ள ஏரியாவ எப்படிக் காட்டணும்னு ஒரு செட்டிங் இருக்கும், உள்ள போனா கோடு மட்டும் காட்டவா, கலர் அடிச்சு காட்டவா, உங்க உயரத்துக்கு சம்பந்தப்பட்டத மட்டும் காட்டவா, எல்லாத்தையும் காட்டவான்னு கேக்கும். முக்காவாசிப் பேர் கம்பெனிக்காரன் வச்சபடியே விட்டுட்டு பறந்துட்டு வந்துருவாங்க, சேலம் மதுரை பக்கம்னா அது ஓடிரும். ஆனா உச்சிப்புளி, மண்டபம், பாம்பன், அரிச்சல்முனைன்னு நம்ம கரையோரமா போறவனுக்கு அந்த டீஃபால்ட் சரிப்பட்டு வராதுங்கிறது என் கட்சி.

தங்கச்சிமடத்து தம்பி ஒருத்தன் வெளியூர்ல பைலட் ட்ரெயினிங்ல இருக்கான், "அண்ணே, எல்லாத்தையும் ஆன் பண்ணா மேப்பே தெரிய மாட்டேங்குது, ஆஃப் பண்ணா இன்ஸ்ட்ரக்டர் வறுத்தெடுக்குறாரு, எதத்தாண்ணே வைக்கிறது"ன்னு கேட்டான். நான் சோறு திங்கிறதே இந்த நேவிகேஷன் டேட்டா வேலையிலதான், அதனால அவனுக்கு வாட்ஸப்ல சொன்னத கொஞ்சம் விரிச்சு எழுதுறேன்.

முடிவ மொதல்லயே சொல்லிடுறேன், அப்புறம் சண்டைக்கு வாங்க. கோடு வேணும், கோட்டுக்கு உள்பக்கமா சாய்வுக் கீறல் வேணும், அதான் ஹேட்ச்ம்பாங்க. பக்கத்துலயே மேல் உயரமும் கீழ் உயரமும் எழுதியிருக்கணும். உள்ள முழுசா கலர் நிரப்புறது வேணாம். உயரத்த வச்சு ஃபில்டர் பண்றது மங்கலாக்குனா ஓகே, ஆளையே காணாம ஆக்குச்சுன்னா ஆஃப் பண்ணிருங்க.

நம்ம ஏரியா ஏன் தனின்னு மேப்ப ஒரு தடவ பாத்தாலே புரியும். உச்சிப்புளில கடற்படையோட ஐஎன்எஸ் பருந்து, 2009ல இருந்து அந்தப் பேர்ல ஓடுது, டோர்னியர் விமானமும் ஹெலிகாப்டரும் ஆளில்லா விமானமும் அங்க இருந்து கடலுக்கு மேல தாழ்வா ரோந்து போகும். மண்டபத்துல கோஸ்ட் கார்ட். அரிச்சல்முனைல இருந்து தலைமன்னார் சுமாரா 30 கிலோமீட்டர்தான், அந்த இடைவெளிக்குள்ளதான் நாட்டு எல்லை, அந்தப் பக்கம் கொழும்பு எஃப்ஐஆர், அதாவது கொழும்பு பொறுப்புல இருக்குற வான்பரப்பு, இந்தப் பக்கம் சென்னை எஃப்ஐஆர். யாழ்ப்பாணம் பலாலிக்கு 2019ல இருந்து சென்னை விமானம் வேற. இத்தனையும் கீழ ரோடு, ரயில், ஏரின்னு எந்த அடையாளமும் இல்லாத தண்ணிக்கு மேல. பாலத்தையும் குருசடைத் தீவையும் தாண்டிட்டா மேப்புல இருக்குற கோட்ட தவிர வேற சாட்சி கிடையாது, அதனாலதான் கோட்ட எப்படி வரைஞ்சிருக்காங்கிறது இங்க பெரிய விஷயமாகுது.

கொஞ்சம் அடிப்படை. உலகம் பூரா மூணு வகை: பி-ன்னா தடை, உள்ளயே போகக் கூடாது, ஆர்-னா கட்டுப்பாடு, நிபந்தனையோட போகலாம், டி-ன்னா ஆபத்தான வேலை ஏதோ நடக்கலாம். நம்ம பக்கத்து ஏரியாவுக்கு சென்னை எஃப்ஐஆரோட விஓ எழுத்து முன்னாடி வரும், அப்புறம் பி, ஆர், டில ஒண்ணு, அப்புறம் நம்பர். ஒரு ஏரியாவ ரத்து பண்ணா அந்த நம்பர ஒரு வருஷத்துக்காவது வேற எடத்துக்கு குடுக்கக் கூடாதுன்னு ஐசிஏஓங்கிற உலக விமான அமைப்போட ரூல், பழைய மேப் வச்சிருக்கவன் கொழம்பக் கூடாதுன்னுதான். லிஸ்ட் முழுசும் இந்திய ஏஐபில, அதாவது அரசாங்கம் வெளியிடுற விமானத் தகவல் தொகுப்புல, ஈஎன்ஆர் 5.1ங்கிற பகுதில இருக்கு, நம்பரும் உயரமும் மாறிக்கிட்டே இருக்கும்ங்கிறதால நான் இங்க எதையும் எழுதல, பறக்குற அன்னைக்கு அங்க பாருங்க.

இதுல ஒரு பெரிய கோளாறு இருக்கு. நெறைய ஆப்ல பி-க்கு அழுத்தமான செவப்பு, ஆர்-க்கு கொஞ்சம் லேசு, டி-க்கு இன்னும் லேசுன்னு படிப்படியா கலர் வச்சிருக்கான், பாக்குறவனுக்கு டி-ன்னா சும்மா பேருக்குன்னு தோணும். தரையில அது ஓரளவு சரி. வெளிக்கடல்ல கதையே வேற, ஏன்னா பி-யும் ஆர்-உம் ஒரு நாடு தன்னோட நிலத்துக்கும் கரையில இருந்து 12 கடல் மைல் வரைக்கும் இருக்குற கடலுக்கும் மேலதான் போட முடியும், அதுக்கு வெளிய யாரையும் தடுக்குற அதிகாரம் கிடையாது. அதனால வங்காள விரிகுடாவுல ஏவுகணையே சோதிச்சாலும் அங்க வெளிக்கடல்ல போடுறது டி-தான். அமெரிக்காக்காரன் இதுக்குன்னே வார்னிங் ஏரியான்னு தனியா ஒரு வகை வச்சிருக்கான், அவங்க கரையில இருந்து 3 கடல் மைல்ல ஆரம்பிக்கும், உள்ள நடக்குறது ஆர்-ல நடக்குற அதே வேலைதான். ஆனா அவங்க மேப்புல பி, ஆர், வார்னிங் மூணும் ஒரே நீலக் கீறல்ல இருக்கும், ராணுவப் பயிற்சி ஏரியாவான எம்ஓஏவும் அலர்ட் ஏரியாவும் மட்டும் மெஜந்தால. அந்த முறை எனக்குப் புடிச்சிருக்கு. கடலோரம் பறக்குறவன் டி-ய லேசான கலருக்கு விடாம ஆர்-ஓட அதே கலருக்கு மாத்தி வச்சுக்கணும், ஆப் விட்டுச்சுன்னா.

பேப்பரா ஸ்கிரீனாங்கிறத நீட்டி முழக்க மாட்டேன். 10 லட்சத்துக்கு ஒண்ணு ஸ்கேல் மேப்புல அரிச்சல்முனை டு தலைமன்னார் மூணே சென்டிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் கனத்துல கோடு போட்டா கோடே ஒரு கிலோமீட்டர் அகலம், அத வச்சு எல்லையோரம் பறக்க முடியாது. 5 லட்சம் ஸ்கேல்னா ஆறு சென்டிமீட்டர், பரவால்ல. ஸ்கிரீன்ல ஜூம் பண்ணலாம். ஆனா ஐபேட் வேலை செய்யுறதுக்கு ஆப்பிள் சொல்ற சூடு 35 டிகிரி வரைக்கும்தான், நம்மூர் சித்திரை வெயில்ல கண்ணாடிக்கு அடியில அது எத்தன நிமிஷம் தாங்கும்னு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. ஸ்கிரீன் முதல், பேப்பர் பையில. அவ்ளோதான்.

இப்ப கோடா கலரா. கலர் நிரப்புறதுக்கு ஒரு நல்ல நியாயம் இருக்கு, அத மறைக்க மாட்டேன்: நல்லா ஜூம் பண்ணி வச்சிருக்கப்ப ஏரியாவோட எல்லைக்கோடு ஸ்கிரீனுக்கு வெளிய போயிரும், கோடு மட்டும் வச்சிருக்கவன் உள்ள இருக்கானா வெளிய இருக்கானான்னு மேப்ப பாத்து சொல்ல முடியாது, கலர் அடிச்சிருந்தா ஸ்கிரீனே செவந்து கிடக்கும், தெரிஞ்சிரும். சிமுலேட்டர்ல இது அருமையா இருக்கும்.

நெஜத்துல பிரச்சன என்னன்னா காக்பிட் ஸ்கிரீன்ல கலருக்கெல்லாம் ஏற்கனவே ஆள் இருக்கு. செவப்புன்னா உடனே கை வைக்கணும்னு அர்த்தம், ஆம்பர்னா கவனி, இது அமெரிக்க விதியிலயே இருக்கு. மழை ரேடாரோ வெதர் லேயரோ போட்டா பச்ச, மஞ்ச, செவப்பு, மெஜந்தா நாலையும் அது எடுத்துக்கும். ஐப்பசி கார்த்திகைல பாக் நீரிணைக்கு மேல இடிமேகம் கட்டி நிக்கிற நாள்ல, மேகத்தோட செவப்பும் ஏரியாவோட செவப்பும் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்தா எது மழை எது தடைன்னு பிரிக்கவே முடியாது, ரெண்டுல மழைதான் உங்கள உடனே கொல்லக்கூடியது. இன்னொண்ணு, பாதி தெரியுற மாதிரி கலர் அடிச்ச ரெண்டு ஏரியா மேல மேல வந்தா அந்த எடம் இன்னும் கருஞ்செவப்பா தெரியும், அங்க ஏதோ மூணாவதா ரொம்ப மோசமானது இருக்குற மாதிரி கண்ணு ஏமாறும், உண்மைல ஒண்ணு 2000 அடிக்குள்ள முடியும், இன்னொண்ணு அதுக்கு மேல ஆரம்பிக்கும், மோதவே செய்யாது.

ராத்திரில செவப்பு டார்ச் அடிச்சு பேப்பர் பாத்தவங்களுக்கு இன்னொரு விஷயம் தெரியும், செவப்பு மையில போட்ட கோடு செவப்பு வெளிச்சத்துல கரைஞ்சு போயிரும். கலர மட்டும் நம்புற எந்த முறையும் ஏதோ ஒரு நேரத்துல கால வாரும், செவப்பு பச்ச பிரிக்க முடியாத கண்ணு உள்ளவங்கள பத்தி சொல்லவே வேணாம்.

கீறல் போட்ட கோடு இதுக்கெல்லாம் தப்பிச்சிருது, ஏன்னா அது வடிவத்துல பேசுது. ராமேஸ்வரம் விசைப்படகுல டிரைவர் பக்கத்துல ஜிபிஎஸ் இருக்கும்ல, அதுல எல்லைக்கோடு ஒரே ஒரு கோடாத்தான் போட்டு வச்சிருப்பாங்க, எந்தப் பக்கம் நம்மளுது எந்தப் பக்கம் இலங்கைன்னு கோடு சொல்லாது, டிரைவருக்கு மனப்பாடம்ங்கிறதால ஓடுது. மேல பறக்குறவனுக்கு அப்படி மனப்பாடம் கிடையாது, மேப் வேற ட்ராக் அப்ல, அதாவது போற திசை எப்பவும் மேல வர்ற மாதிரி, சுத்திக்கிட்டே இருக்கும், வடக்கு எதுன்னே ஒரு நொடி யோசிக்கணும். கீறல் எந்தப் பக்கம் சாயுதோ அதான் உள்ள, அதோட முடிஞ்சு போச்சு. ரெண்டு ஏரியா ஒரே கோட்ட பங்கு போட்டா ரெண்டு பக்கமும் கீறல் இருக்கும்.

நடுவுல ஒரு சமரசமும் இருக்கு. கிளைடர்காரங்க நெறைய பேர் ஓட்டுற எக்ஸ்சிசோர்ங்கிற இலவச சாஃப்ட்வேர்ல, முழுசா நிரப்பு, நிரப்பாத, ஓரத்துல மட்டும் பட்டையா நிரப்புன்னு மூணும் வச்சிருக்கான். மூணாவது கிட்டத்தட்ட கீறல் குடுக்குற பலனையே குடுக்கும், ஹேட்ச் இல்லாத ஆப்ல நான் அத எடுப்பேன். ஜூம் பண்ணா கோடு வெளிய போயிருதேங்கிற குறை கீறலுக்கும் உண்டு, பட்டைக்கும் உண்டு, அதுக்கு மருந்து கலர் இல்ல, ஜூம் அவுட் பண்றதுதான்.

உயர ஃபில்டருக்கு வருவோம், இதுலதான் தம்பிகூட எனக்கு ரொம்ப நேரம் வாக்குவாதம். "அண்ணே, நான் 6000 அடில போறேன், 3000 அடில முடியுற ஏரியா எனக்கு எதுக்கு"ங்கிறான். கேக்க நியாயமாத்தான் இருக்கு. ஆட்டோ ஃபில்டர்னா உங்க உயரத்துக்கு மேலயும் கீழயும் ஒரு அளவு வச்சு அதுக்குள்ள வர்றத மட்டும் காட்டும், மேப் சுத்தமா இருக்கும். ஆனா பாம்பன் பக்கம் வர்றவன் பாலத்த பாக்காம போவானா, 1914ல கட்டுன பழைய பாலம் ஒரு பக்கம், 2025ல தொறந்த தூக்குப்பாலம் ஒரு பக்கம், சரின்னு 1500 அடிக்கு எறங்குவான், எறங்க எறங்க இதுவரைக்கும் இல்லாத ஏரியா ஒவ்வொண்ணா ஸ்கிரீன்ல முளைக்கும், அதுவும் சரியா அவன் கண்ணு வெளிய இருக்குறப்ப. எஞ்சின் மக்கர் பண்ணி எறங்குறவனுக்கும் இதே கதிதான். கீழ என்ன இருக்குன்னு மேல இருக்கப்பவே தெரிஞ்சிருக்கணும்.

பெரிய உதாரணம் வேணும்னா எம்எச்17, உக்ரைன் மேல சுட்டு விழுந்த மலேசியப் பயணிகள் விமானம். 2014 ஜூலை 17, உக்ரைன் அந்தப் பகுதிய எஃப்எல்320, அதாவது 32,000 அடி வரைக்கும் மூடியிருந்தாங்க, விமானம் எஃப்எல்330ல, அதாவது ஆயிரமே அடி மேல, சட்டப்படி தொறந்திருந்த எடத்துல போச்சு. 298 பேர் செத்தாங்க. அங்க முடிவெடுத்ததெல்லாம் வேற மட்டத்துல, மேப் செட்டிங்கால நடந்ததுன்னு நான் சொல்லல. ஆனா எனக்குக் கீழ 32,000 அடி உயரத்துக்கு ஏன் ஒரு நாடு மூடி வச்சிருக்குன்னு ஒரு கேள்வி வரணும்னா, அந்தக் கோடு ஸ்கிரீன்ல இருந்தாத்தான் வரும். ஃபில்டர் அந்தக் கேள்வியவே அழிச்சிரும்.

நம்ம ஊருக்குன்னே ஸ்பெஷலா இன்னொரு கோளாறு. ஃபில்டர் உங்க உயரத்த எங்க இருந்து எடுக்குது? ஜிபிஎஸ்ல இருந்து. ஜிபிஎஸ் கணக்கு போடுறது பூமிய ஒரு வழுவழுப்பான நீள்கோளமா வச்சு, நெஜ கடல்மட்டம் அதோட ஒத்துப் போகாது. உலகத்துலயே அந்த வித்தியாசம் ரொம்ப ஆழமா இருக்குற பள்ளம் இலங்கைக்குத் தெக்க இந்தியப் பெருங்கடல்ல, 106 மீட்டர். நம்ம கரை அந்தப் பள்ளத்தோட சரிவுலயே இருக்கு, கிட்டத்தட்ட 100 மீட்டர் வித்தியாசம். ஆண்ட்ராய்ட் போன் குடுக்குற சாதாரண ஜிபிஎஸ் உயரம் இந்த நீள்கோளக் கணக்குதான், ஆப் எழுதுனவன் கடல்மட்டத்துக்கு மாத்தாம விட்டிருந்தா தனுஷ்கோடி மணல்ல நிக்கிறப்பவே நீங்க தண்ணிக்கு 90 மீட்டர் 95 மீட்டர் அடியில இருக்கிறதா காட்டும். அடிக் கணக்குல 300 சொச்சம். 2000 அடில ஆரம்பிக்குற ஏரியாவுக்குள்ள நீங்க 2200ல நெஜமாவே இருப்பீங்க, ஆப் 1900ன்னு நெனச்சுக்கிட்டு வாயத் தொறக்காது. வீட்ல உக்காந்து ஆப்ப தொறந்து கரையோரத்துல உயரம் என்ன காட்டுதுன்னு பாருங்க, பெரிய மைனஸ் காட்டுனா அந்த ஆப்போட ஃபில்டரையும் அலர்ட்டையும் நம்பாதீங்க. இதுபோக எஃப்எல்ல எல்லை குடுத்திருக்குற ஏரியா 1013 ஹெக்டோபாஸ்கல்ங்கிற நிலையான காத்தழுத்தத்துக்கு கணக்கு, புயல் சின்னம் இருக்குற நாள்ல அழுத்தம் 1000க்கு வந்தா அதுலயே 350 அடி போயிரும்.

அதனால மங்கலாக்குறது மேல். சம்பந்தமில்லாத உயரத்துல இருக்குறது சாம்பல் கோடா, மெல்லிசா கிடக்கட்டும், ஆனா கிடக்கட்டும். இந்த வசதி இல்லாத ஆப்னா எல்லாத்தையும் காட்டுன்னு வைங்க. மேப் நெரிசலாகுமேன்னு கேட்டா, நம்ம பக்கம் கடல், ரோடும் ஊர்ப் பேரும் இல்லாத வெறும் நீலம், அங்க நாலு கோடு கூட இருந்தா ஒண்ணும் குடி முழுகிராது. நெரிசல்ங்கிறது டெல்லி மும்பைக்காரன் கவலை.

உயரத்த எங்க எழுதுறதுங்கிறதுலயும் நாட்டுக்கு நாடு பழக்கம் மாறும். அமெரிக்காவோட செக்ஷனல்ங்கிற மேப்புல ஏரியாவுக்குள்ள நம்பர் மட்டும் இருக்கும், உயரம், நேரம், யார்கிட்ட பேசணும்ங்கிறதெல்லாம் ஓரத்துல டேபிள்ல. ஜெர்மனி மாதிரி எடத்துல பின்னம் எழுதுற மாதிரி மேல் எல்லை மேல, கீழ் எல்லை கீழன்னு அந்த எடத்துலயே போட்டுருவாங்க. ஆப்ல மூணாவதா, விரல வச்சு தொட்டா பெட்டி திறக்கும். தொட்டுப் பாக்குறது தரையில நல்லா இருக்கும், மத்தியானக் கடக்காத்துல விமானம் குதிக்கிறப்ப ஒரு ஏரியாவ தொட நெனச்சு பக்கத்து ஏரியாவ தொடுவீங்க. எழுதியே இருக்கட்டும்.

நேரக் கலர், அதாவது இப்ப ஆக்டிவா இருக்குறத மட்டும் எடுப்பா காட்டுறது, கேக்க நல்லா இருக்கு. 2014ல இருந்து இந்தியாவுலயும் ராணுவ ஏரியாவ வேல இல்லாதப்ப சிவிலியனுக்கு விடுற முறை வந்திருச்சு, அதனால பயனுள்ள வசதிதான். ஆனா அதுக்கு நோட்டாம், அதாவது எந்த ஏரியா எப்ப ஆக்டிவ்ங்கிற மாதிரி பைலட்டுக்கு வர்ற அறிவிப்பு, நெட்ல இருந்து வரணும். தனுஷ்கோடி போனா போன் இலங்கை டவர புடிச்சுக்கிட்டு வெல்கம் மெசேஜ் அனுப்புற ஊர் இது, ஆப்ல இருக்குற நோட்டாம் எத்தன மணிக்கு டவுன்லோட் ஆச்சுன்னு யாருக்குத் தெரியும். தகவல் வராததையும் ஆப் ஆக்டிவ் இல்லன்னுதான் வரையும், அதுதான் பயம். போக, நோட்டாம்ல நேரம் யூடிசி, நம்ம நேரத்துக்கு அஞ்சரை மணி பின்னாடி, 0330 டு 1130ன்னா நம்ம காலைல 9 மணி டு சாயங்காலம் 5. நான் சொல்றது, நேரக் கலர தரையில ரூட் போடுறப்ப வச்சுக்கங்க, இஞ்சின ஸ்டார்ட் பண்ணதும் எல்லாமே ஆக்டிவ்னு எடுத்துக்கங்க, இல்லன்னா ரேடியோல கேட்டு உறுதி பண்ணிக்கங்க.

எந்த டேட்டாவ போடுறதுங்கிறதுக்கு என் தொழில்ல இருந்து ஒண்ணு சொல்றேன். விமானக் கம்பெனி டேட்டாபேஸெல்லாம் ஆரிங்க் 424ங்கிற ஃபார்மேட்ல வரும், 28 நாளைக்கு ஒருக்கா புதுசு. அதுல வட்டம்னா வட்டம்னே எழுதலாம், வில்லுன்னா வில்லுன்னே எழுதலாம். இலவச டேட்டா ஓப்பன்ஏர் ஃபார்மேட்ல வரும், அதுலயும் வட்டம் எழுதலாம், ஆனா ஃபைல மாத்தி மாத்தி காப்பி பண்றப்ப வட்டம் பலகோணமாயிரும். 10 கடல் மைல் ஆரம் உள்ள வட்டத்த 36 புள்ளில வெட்டுனா ஒவ்வொரு நேர்கோடும் நடுவுல 70 மீட்டர் உள்ள போகும், பரவால்ல, 12 புள்ளில வெட்டுனா 600 மீட்டருக்கு மேல உள்ள போகும், அதாவது நெஜ ஏரியா மேப்ப விட பெருசு. கரையோரமாவோ நாட்டு எல்லையோரமாவோ போகுதுன்னு வார்த்தைல எழுதியிருக்குற எல்லைய புள்ளியாக்குறது இன்னும் மோசம், யாரோ ஒருத்தர் உக்காந்து எத்தன புள்ளி போதும்னு முடிவு பண்ணதுதான் உங்க கோடு. இலவச டேட்டா சிமுலேட்டருக்கு. பறக்குறதுக்கு காசு குடுத்து வாங்குங்க, தேதி பாத்து வாங்குங்க.

கடைசியா அலர்ட். பழைய கார்மின் 430 மாதிரி காக்பிட் ஜிபிஎஸ் பெட்டில, இப்ப போற திசைல போனா 10 நிமிஷத்துக்குள்ள ஏரியாவுக்குள்ள போயிருவன்னு ஒரு மெசேஜ், 2 கடல் மைலுக்குள்ள வந்துட்டன்னு ஒண்ணு, உள்ள இருக்கன்னு ஒண்ணு வரும். 100 நாட் வேகத்துல, அதாவது மணிக்கு 100 கடல் மைல்ல, பத்து நிமிஷம்னா 31 கிலோமீட்டர், அதாவது அரிச்சல்முனைல கிழக்கு பாத்தா தலைமன்னார் வரைக்கும் எல்லாமே பத்து நிமிஷத்துக்குள்ள. தீவுக்கு மேல ஒரு வட்டம் அடிச்சா மெசேஜ் மேல மெசேஜா வந்துக்கிட்டே இருக்கும், மூணாவது தடவைக்கு மேல யாரும் படிக்க மாட்டாங்க, நாலாவது தடவ ஆஃப் பண்ணிருவாங்க. ஆஃப் பண்றதுக்குப் பதிலா நேரத்த குறைக்க முடிஞ்சா மூணு நிமிஷமாக்குங்க, குறைக்க முடியாத பெட்டின்னா வட்டத்த மேற்கு பக்கமா, மண்டபம் பாத்து திருப்புங்க.

தம்பி இன்னொண்ணும் கேட்டான், குலசேகரப்பட்டினத்துல ராக்கெட் ஏவ ஆரம்பிச்சா என்ன பண்றதுன்னு. 2024 பிப்ரவரில அடிக்கல் நாட்டுனாங்க, அங்க இருந்து இலங்கைய சுத்தாம நேரா தெக்க அனுப்பலாம்ங்கிறதுதான் அந்த எடத்தோட லாபமே, ஸ்ரீஹரிகோட்டால இருந்து துருவப் பாதைக்கு போற ராக்கெட் இப்ப வளைஞ்சுதான் போகுது. அன்னைக்கு மட்டும் போடுற ஏரியா 28 நாள் டேட்டாபேஸ்ல வராது, நோட்டாம்ல லாட் லாங்கா, அதாவது அட்சரேகை தீர்க்கரேகைப் புள்ளிகளா வரும். தூத்துக்குடி பக்கம் போறவங்க அந்தப் புள்ளிகள யூசர் பாயிண்டா போட்டு கோடு இழுத்துக்கங்க, பேர்லயே தேதிய வைங்க, எறங்குன உடனே அழிச்சிருங்க.